நாற்பத்தோராம் வினா

சோலூரைக் கடந்து கிளென்மார்கன் செல்லும் சாலை ஒரு மேட்டைச் சுற்றி வளைந்து திரும்பும் இடத்தில், தேயிலைச் சரிவுகள் இருபுறமிருந்தும் இறங்கிவந்து கைகோக்கும் பள்ளம் ஒன்று உண்டு. தைத் திங்களின் விடியலில், கீழ்வானம் வெளுத்தும் கதிரவன் இன்னும் முகம் காட்டாத அந்த நாழிகையில், சாலையோரம் நின்று நோக்குவார்க்குச் சரிவெல்லாம் பசுமை மாறாது துலங்க, பள்ளத்துப் புற்பரப்பு மட்டும் உப்பைக் கொட்டிப் பரப்பியது போல வெள்ளை வெளேரென்று கிடக்கும். நடுவே நெளியும் ஓடை ஆவி பறக்க நகரும்; கரையில் கால் வைத்தால் புல் நொறுநொறுவென்று நொறுங்கும்; சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையிலிட்ட பெண்கள், பள்ளத்து இளந்தேயிலைக் கன்றுகளின்மேல் முன்மாலையில் தாம் போர்த்திய காய்ந்த பெரணித் தழைகள் கலையாமல் இருக்கின்றனவா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு செல்வர். மேட்டுச் செடிகளை ஒருவரும் போர்த்துவதில்லை. அவற்றுக்கு ஒன்றும் ஆகாது என்பது அங்குள்ள சின்னஞ்சிறு பிள்ளைக்கும் தெரியும்.

தெரியாதவர் ஒருவர் இருந்தார். அப்பள்ளத்தின் கரையிலேயே ஓடு வேய்ந்து நின்ற பள்ளிக்குப் பதினான்கு ஆண்டுகளாகத் தலைமையாசிரியராய் வீற்றிருந்த ஏகநாதனார் அவர். பதினான்கு தைத் திங்கள்கள் அவர் கண்ணெதிரே அப்பள்ளம் வெளுத்ததுண்டு. ஆயினும் அவர் எட்டு மணிக்கு முன்னர் சன்னலைத் திறந்தவரல்லர். எட்டு மணிக்கோ வெயில் வந்து வெண்மையைத் துடைத்துப் போயிருக்கும். நூலில் இல்லாத ஒன்று உலகில் இருக்கக்கூடும் என்னும் ஐயம் அவரை ஒருநாளும் அணுகியதில்லை. அத்தகைய பெருமகனாரிடந்தான், நண்பரே, நாடு விடுதலை பெற்று முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்த அந்நாளில், அறிவுக்கூர்மை மிக்க பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துச் சிந்திக்கக் கற்பிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது.

சென்னையில் மூன்றுநாள் நடந்த பயிற்சிக்குச் சென்று, மூன்று நாளும் நண்பகல் உணவுக்குப்பின் நன்றாய் உறங்கி எழுந்து, கையில் ஒரு சான்றிதழும் வாயில் இரண்டு புதுச்சொற்களுமாக அவர் மலையேறி வந்தார். படைப்புச் சிந்தனை என்பது ஒன்று; ஆய்வுச் சிந்தனை என்பது மற்றொன்று. வந்த மறுநாளே முப்பது பிள்ளைகளைத் தேர்ந்து 'மீத்திறன் வகுப்பு' எனப் பெயர்ப்பலகை மாட்டினார். அம்முப்பதின்மருள் பள்ளித் தாளாளரின் பேரர் இருவரும், மருத்துவர் மகனும், காய்கறி மண்டியாரின் மகளிர் மூவரும் இருந்தனர் என்றால், மீத்திறன் எந்தெந்த வீடுகளில் பிறக்கிறது என்பதை நீங்களே கண்டுகொள்ளலாம்.

படைப்புச் சிந்தனையை அவர் கற்பித்த அழகைக் கேளுங்கள். செங்கல்லுக்குப் புதிய பயன்கள் யாவை என்று வினவிப் பிள்ளைகளைத் தாமே எண்ணிப் பார்க்க விடுவது பயிற்சியில் சொல்லப்பட்ட முறை. எண்ண விட்டால் கண்டதையும் சொல்வார்களே, யார் உட்கார்ந்து திருத்துவது என்று மலைத்துப்போன ஏகநாதனார், ஒரு ஞாயிறு முழுவதும் முக்கி முனகித் தாமே இருபது பயன்களை வரைந்து, தட்டச்சிட்டு, 'மீத்திறன் விடைத்தொகுப்பு' என்று அட்டையும் போட்டு, மனப்பாடம் செய்யக் கொடுத்துவிட்டார். அடுக்கிச் சுவர் எழுப்பலாம், கத்தி தீட்டலாம், கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம், பொடித்துப் பல் துலக்கலாம் என்று அப்பட்டியல் நீளும். பதினேழாம் பயனை மறந்தவன் இருக்கைப் பலகைமேல் நிற்பான். இருபத்தோராவதாகத் தானே ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்ன பையன் ஒருவன், முந்திரிக்கொட்டை என்ற பட்டத்தோடு நாள் முழுவதும் வகுப்புக்கு வெளியே நின்றான். அதன்பின் எவரும் கண்டுபிடிக்கவில்லை.

இக்கூத்தையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தவள் வேலாமணி என்னும் ஆசிரியை. கோபிப் பக்கத்தில் பிறந்து, அருவங்காட்டுப் படைக்கல ஆலையில் எழுத்தராய் இருந்தவரை மணந்து, உதகையில் குடியமர்ந்து, பதினொரு ஆண்டுகளாக முதல் பேருந்தேறி அப்பள்ளிக்கு வந்துபோனவள். தலைமையாசிரியரைக் குறித்து அவள் உள்ளத்தில் இருந்த இகழ்ச்சியை அளந்தால் ஒரு வண்டி தாங்காது. ஆயினும் அது உள்ளத்திலேயே இருந்தது. வாயில் வந்ததெல்லாம் 'சரிங்க ஐயா' ஒன்றே. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாய் இருக்கப் பழகியவர்கள் தம்மை நல்லவர் என்றே எண்ணிக்கொள்வது வழக்கம். அவளும் அப்படியே எண்ணியிருந்தாள்.

அவ்வாண்டு கார்த்திகையில், மீத்திறன் வகுப்பில் காலியாகவிருந்த ஓர் இடத்துக்குப் பொதுத்தேர்வு நடந்தது. தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளைக்கு விடுதியும் உணவும் நூலும் உடையும் பள்ளியின் அறக்கட்டளையே தரும். கல்லூரி முடியத் தாங்கும். ஆகவே எவரும் எழுதலாம் என்று அரசு வற்புறுத்தியிருந்தது. எழுதிய நாற்பதின்மருள் தோட்டத் தொழிலாளி மூக்கம்மாவின் மகள் இசக்கியும் ஒருத்தி. ஆறாம் வகுப்பு, பதினோரு அகவை, தந்தை சுடலை மழையில் மரம் விழுந்து மாண்டு மூன்றாண்டு ஆகியிருந்தது. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கொழுந்துக் கூடையை மகள் தோளில் மாட்டுவதைத் தவிர வேறு வழி மூக்கம்மாவுக்கு இல்லை. அந்த ஓர் இடத்தை நம்பியே தாயும் மகளும் இருந்தனர்.

தேர்வில் பதினான்காம் வினா இது: உறைபனி மிகுதியாக வீழ்வது மேட்டிலா, பள்ளத்திலா? காரணம் தந்து விளக்குக. ஏகநாதனார் வரைந்து கொடுத்த விடை: மேட்டில், உயரம் ஏறஏறக் குளிர் மிகும். நாற்பதின்மருள் முப்பத்தொன்பதின்மர் அவ்வாறே எழுதினர். அவருள் பாதிப்பேர் அன்று காலை பள்ளத்து வெள்ளைப் புல்லைக் காலால் உதைத்து விளையாடிவிட்டு வந்தவர்கள். தேர்வறைக்குள் நுழையும்போது கண்ணை வெளியே கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்பதை அவர்கள் நன்கு கற்றிருந்தனர்.

இசக்கி மட்டும் இவ்வாறு எழுதியிருந்தாள்: "பள்ளத்தில். நான் மூன்று கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். எங்கள் வீட்டு வாசலில் வைத்தது உறையவில்லை. பாதி வழியில் வைத்தது உறையவில்லை. ஓடைப் பக்கம் வைத்தது கல்லாகிவிட்டது. நான்கு நாள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். குளிர் தண்ணீரைப் போலக் கீழே வழிந்து வந்து பள்ளத்தில் தேங்குகிறது என்று நினைக்கிறேன். தப்பாகவும் இருக்கலாம்."

விடைத்தாள் திருத்திய வேலாமணி அதைப் படித்தாள், மீண்டும் படித்தாள், கண் கலங்கிவிட்டது. பதினொரு ஆண்டுகள் பேருந்துச் சன்னல் வழியே அப்பள்ளத்தின் வெண்மையைக் கண்டுவந்தும், ஏன் என்று ஒருநாளும் தனக்குத் தோன்றவில்லையே என்று நாணினாள். முழு மதிப்பெண் இட்டுத் தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு ஓடினாள். ஏகநாதனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"இஃது என்ன, அம்மையீர், அடுப்படிக் கதை? நூல் என்ன கூறுகிறது, இச்சிறுமி என்ன கூறுகிறாள்? இறுதி வரியைக் கண்டீரா? தன் விடை தவறு என்பதைத் தானே ஒப்புக்கொண்டுவிட்டாள். பிறகு நமக்கென்ன கவலை? அடித்துவிடும்."

"ஐயா, அவ வெச்சுப் பார்த்திருக்காளுங்க. நாமளும் காலைல பார்க்கறோம்..."

"அடித்துவிடும் என்றேன்."

அடித்தாள். சிவப்பு மையால், தன் கையால், குறுக்கே ஒரு கோடு. அந்த ஒரு வினாவால் இசக்கி இரண்டாமிடத்துக்கு இறங்க, வகுப்பில் காலியாகவிருந்த இடம் தாளாளரின் தங்கை மகனுக்குப் போயிற்று. அன்றிரவு வேலாமணி கணவனிடம் தலைமையாசிரியரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசியதால் மனம் ஆறிற்று, ஆறியதால் உறங்கினாள். அவள் உறங்கியதையும் நான் மறைக்கவில்லை.

தை பிறந்தது. மீத்திறன் வகுப்பைக் காணச் சென்னையிலிருந்து பேரலுவலர் ஒருவர் காலை ஒன்பது மணிக்கு வருகிறார் என்னும் செய்தியும் வந்தது. ஏகநாதனாருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடிக் குடிலில் செவிலி பிள்ளையை வளர்ப்பது போலத் தோட்டக்காரர் பாலன் வளர்த்திருந்த காசித்தும்பைத் தொட்டிகள் நூற்றிருபதையும் முன்மாலையே வெளியே எடுத்து, ஓடைக்கரை விளையாட்டுத் திடலில், 'சிந்தனை செய்' என்னும் எழுத்துகளாக அடுக்கச் செய்தார். சாலை வளைவில் வண்டி திரும்பும்போதே அலுவலர் கண்ணில் அவ்வெழுத்துகள் படவேண்டுமாம். கன்றுகளைப் போர்த்தப் பெரணித் தழை சுமந்து அவ்வழியே வந்த மூக்கம்மாவும் இசக்கியும் அதைக் கண்டு திகைத்து நின்றனர்.

"ஏனுங்க அய்யா, இங்கயா வெக்கறீங்க?" என்றாள் இசக்கி. "விடிஞ்சா கருகிப் போயிருமுங்க. மேல கட்டடத்துப் பக்கம் வெச்சாப் பொழச்சுக்கும்."

மூக்கம்மா சுமையை இறக்கினாள். "தழை வேணும்னா போத்தி உடட்டுங்களா? காத்தால வந்து எடுத்துப் போடறமுங்க."

"தழையால் மூடினால் எழுத்து எங்ஙனம் தெரியும்?" என்று நகைத்தார் ஏகநாதனார். "உறைபனி மேட்டில் வீழ்வது. இது பள்ளம். இச்சிறுமிக்கு ஒருமுறை தேர்விலேயே அறிவுறுத்தியாயிற்று. போங்கள், போய் வேலையைப் பாருங்கள்."

போனார்கள். மறுநாள் விடிந்தபோது 'சிந்தனை செய்' என்னும் எழுத்துகள் அத்தனையும் கரிக்கட்டையாய்த் தொங்கின. வெந்த கீரை போலத் தண்டுகள் குழைந்து கிடந்தன. எட்டு மணிக்குச் சன்னலைத் திறந்த ஏகநாதனார், "யாரோ வெந்நீரை ஊற்றிவிட்டார்கள்" என்று பாலனின் மேல் பாய்ந்தார். பாலன் ஓடைக்கரை நிழலில் மட்டும் வெயில் படாமல் எஞ்சியிருந்த வெண்மையைக் கைகாட்டிவிட்டுத் தொட்டிகளை அள்ளப் போய்விட்டார்.

பேரலுவலர் வந்தார். முப்பது பிள்ளைகளும் செங்கல்லுக்கு அணியமாய் நிற்க, அவர் கையில் மழைக்குடை இருந்தமையால், "இக்குடைக்குப் புதிய பயன்கள் கூறுங்கள்" என்று கேட்டுத் தொலைத்தார். வகுப்பு ஒருகணம் பேயறைந்தது போலாயிற்று. பின்னர் தாளாளரின் மூத்த பேரன் எழுந்து, குடைகளை அடுக்கிச் சுவர் எழுப்பலாம் என்றான். அடுத்தவள், குடையில் கத்தி தீட்டலாம் என்றாள். மூன்றாமவன், குடையைப் பொடித்துப் பல் துலக்கலாம் என்றான். சுவரோரம் நின்ற வேலாமணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏகநாதனாருக்கு வேர்த்துக் கொட்டிற்று. பேரலுவலரோ நாற்காலியின் நுனிக்கு வந்து, கண்கள் விரிய, "எவ்வளவு புதுமை! எவ்வளவு துணிவு! யாரும் எண்ணாததை எண்ணுகிறார்களே" என்று கைதட்டினார். நாட்டின் அறிவு எவர் கையில் இருக்கிறது என்று கவலைப்படுவோர் இவ்விடத்தில் சற்று நின்று பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

திரும்பிச் செல்கையில் திடலில் இன்னும் அள்ளித் தீராமல் கருகிக் கிடந்த பூக்களைக் கண்டு, இது என்ன என்று அவர் வினவ, ஏகநாதனார் வாயைத் திறக்குமுன் வேலாமணி முன்னே வந்தாள். பதினொரு ஆண்டுகளில் பிறர் முன்னிலையில் அவள் எவரும் கேளாமலே பேசியது அன்றுதான். கோடிட்ட நாள்முதல் தன்னோடே வைத்திருந்த இசக்கியின் விடைத்தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டி, நடந்ததைச் சொன்னாள். பேரலுவலருக்குச் சென்னை சென்று சொல்ல நல்லதொரு கதை கிடைத்துவிட்டது. "ஏழைத் தொழிலாளியின் மகள், கொட்டாங்குச்சியில் ஆய்வு! இவளை வகுப்பில் சேருங்கள். அடுத்த தையில் வந்து நானே தேர்வு வைப்பேன், தேறாதவர்களை நீக்கிவிடுவேன்" என்றார். செய்தி கேட்டு ஓடிவந்த மூக்கம்மா வேலாமணியின் கைகளைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம்புள்ளையக் கரையேத்தி உட்டீங்க டீச்சர்" என்றாள். தன் வாழ்நாளில் தான் செய்த ஒரே நற்செயல் இதுவென்று வேலாமணி நெஞ்சு நிமிர்ந்தாள்.

அவள் என்ன செய்தாள் என்பது இனித்தான் தெரியப்போகிறது.

ஏகநாதனார் தோற்றவராகத் தம்மைக் கருதவில்லை, அத்தகையோர் கருதுவதேயில்லை. செங்கல்லில் தொடங்கிய விடைத்தொகுப்பு அதற்குள் நாற்பது வினாக்களாக வளர்ந்திருந்தது. அவர் நாற்பத்தோராவதைச் சேர்த்தார். "உறைபனி வீழ்வது யாண்டு? விடை: உறைபனி பள்ளத்தில் வீழும், மேட்டில் வீழாது." கொட்டாங்குச்சி இல்லை, வழிந்து வரும் குளிர் இல்லை, தப்பாகவும் இருக்கலாம் என்ற சொல் அறவே இல்லை. முப்பத்தொரு பிள்ளைகளும் அதை மனப்பாடம் செய்தனர். கண்டறிந்தவளும் செய்தாள். முதன்முறை ஒப்பிக்கையில் அவள் தன் சொற்களில் சொல்லப்போக, "தொகுப்பில் உள்ளவாறு கூறு" என்று பலகைமேல் ஏற்றப்பட்டாள்.

அவள் முதலில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சன்னல் கண்ணாடியில் உள்பக்கம் நீர் கோப்பது ஏன் என்று கேட்டாள். பேக்டரியில் காயவைத்த கொழுந்து கசக்கிய பின்தானே சிவக்கிறது, கசக்காமல் சிவக்காதா என்று கேட்டாள். வினாக்களின் தொல்லை பொறுக்காத ஏகநாதனார், ஆய்வுச் சிந்தனையை வளர்க்கும்பொருட்டு மரப்பெட்டி ஒன்று செய்து வைத்தார், ஐயம் உடையவர் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடலாம், வெள்ளிதோறும் திறக்கப்படும். மூன்றாம் வெள்ளியில் திறவுகோல் தொலைந்தது. இசக்கி ஆனித் திங்கள்வரை சீட்டு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் ஏகநாதனார் தலையில் கட்டிவிட்டுப் போனால் கதை எளிதாய் முடியும். ஆனால் மெய் வேறு. மாலை வேளையில் விடுதி முற்றத்தில் இசக்கியை எதிரே உட்காரவைத்து, விடைத்தொகுப்பை மடியில் விரித்து, வரிவரியாய் உருப்போடச் செய்தவள் வேலாமணி. அவளுக்கு அச்சம். தை வரும், பேரலுவலர் வருவார், பிள்ளை ஒரு சொல் மாற்றிச் சொன்னால் வெளியே தள்ளிவிடுவார்கள், தள்ளினால் கொழுந்துக் கூடைதான். இப்பிள்ளையைத் தோற்கவிடக்கூடாது என்ற அன்பே அவளை அந்நூலைக் கையில் எடுக்க வைத்தது. ஏகநாதனார் அச்சுறுத்தியும் மறக்காத கேள்விகளை, இவள் தலையைத் தடவிக்கொடுத்தே மறக்கச் செய்தாள்.

"டீச்சர், குளிரு தண்ணி மாதிரி வழியுதுன்னா, நடுவுல அணை கட்டினா மேலயே நின்னுக்குமுங்களா?" என்று ஒருநாள் இசக்கி கேட்டாள்.

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் கண்ணு. தேர்வுக்கு அது வராது. முப்பத்திரண்டாவது சொல்லு."

அவள் முப்பத்திரண்டாவதைச் சொன்னாள். ஐப்பசிக்குப் பின் அவள் எதையும் கேட்கவில்லை. பிள்ளை தெளிந்துவிட்டாள், இனி அஞ்சவேண்டியதில்லை என்று வேலாமணி மகிழ்ந்தாள்.

அவ்வாண்டு மழை ஓய்ந்ததும், வகுப்பின் புகழுக்கேற்பப் பள்ளியைச் சுற்றி மதில் எழுப்பவேண்டும் என்று ஏகநாதனார் முனைந்தார். மேற்குப் பக்கம், தேயிலைச் சரிவு பள்ளத்துக்கு இறங்கும் வழியின் குறுக்கே, இரண்டு ஆள் உயரத்துக்குக் கருங்கல் மதில் எழுந்தது. அதன் மறுபக்கத்தில், மதிலை ஒட்டி மேலேறும் சரிவில், மூக்கம்மா கொழுந்து பறிக்கும் நிரைகள் இருந்தன.

அடுத்த தை வந்தது, பேரலுவலரும் வந்தார். இம்முறை பூத்தொட்டிகள் மேற்கட்டடத்தில் இருந்தன. அஃதொன்றே அப்பள்ளி ஓராண்டில் கற்றது. அலுவலர் நேரே இசக்கியை அழைத்தார். வெள்ளைச் சட்டையும் நீலப்பாவாடையும், எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய சடையுமாக, கைகட்டி அவள் எழுந்து நின்ற ஒழுங்கைக் கண்டு தாளாளரே தலையசைத்தார்.

"உறைபனி எங்கே விழும், பெண்ணே?"

"உறைபனி பள்ளத்தில் வீழும், மேட்டில் வீழாது."

"நன்று. ஏன் அப்படி?"

இசக்கி விழித்தாள். கண்கள் மேற்கூரையில் எதையோ தேடி, பக்கம் பக்கமாய்ப் புரட்டிப் பார்த்துத் திரும்பின. பின் மெல்ல, "விடைத்தொகுப்புல அவ்வளவுதானுங்க அய்யா" என்றாள்.

பேரலுவலர் நெற்றியைச் சுருக்கினார். ஓராண்டுக்கு முன் தாம் கண்ட தாளின் நினைவு எழப் பார்த்தது போலும். ஆனால் மணி பதினொன்றரை ஆகியிருந்தது, உதகையில் விருந்து காத்திருந்தது. "தெளிவான விடை, தங்குதடையில்லாத சொல்" என்று எழுதிக் கையொப்பமிட்டு, வகுப்பின் முதல்வி இவளே என்று அறிவித்து, பரிசாக ஒரு நூலையும் அவள் கையில் கொடுத்தார். அந்நூல், புதிதாய் அச்சேறிய மீத்திறன் விடைத்தொகுப்பு. ஏகநாதனாருக்கும் மாவட்டத்தின் சிறந்த ஆசிரியர் என்னும் விருதுக்குப் பரிந்துரை எழுதப்பட்டது. கல்லூரி முடியும்வரை இசக்கியின் இடம் உறுதியாயிற்று. வேலாமணி எதற்காக ஓராண்டு உழைத்தாளோ அது முழுவதும் கைகூடிற்று.

வண்டி போனபின், பரிசைத் தாயிடம் காட்ட ஓடிய இசக்கியோடு வேலாமணியும் மதிலைச் சுற்றிச் சரிவில் ஏறினாள். மூக்கம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து ஓடிவந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நூலை வாங்கினாள். எழுத்தறியாதவள் ஆகையால் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். பிறகுதான் தன் கவலையைச் சொன்னாள். மதிலை ஒட்டி மேலேறிய மூன்று நிரைகள் கருகிக் கிடந்தன. இலைகள் பழுப்பேறிச் சுருண்டு, தொட்டால் பொடிந்தன. அவளுக்கு நினைவு தெரிந்த நாளாய் அம்மேட்டில் பனி ஏறியதில்லை.

"காத்தால பாத்தனுங்க டீச்சர், வெள்ளையா கெடந்துச்சு. ராவுல குளிரு இந்த வழியாத்தான எறங்கிப் போவும். இப்பச் செவுரு மறிச்சுக்கிட்டதால, போறதுக்கு வழியில்லாம இங்கயே தேங்கி நின்னுருச்சோ என்னமோ. தப்பாவும் இருக்கலாம்."

வேலாமணி இசக்கியின் முகத்தைப் பார்த்தாள். அணை கட்டினால் மேலே நிற்குமா என்று கேட்ட வாய் அது. இதோ அணை, இதோ விடை, காலடியில் கருகிக் கிடக்கிறது. குனிந்து ஓர் இலையைக் கிள்ளினால் போதும்.

இசக்கி குனியவில்லை. "தப்புத்தாம்மா" என்றாள், கனிவோடு, அறியாதவர்க்குச் சொல்லும் குரலில். "பனி பள்ளத்துலதான் உழுகும், மேட்டுல உழுகாது. நாப்பத்தோராவது வினா."

"அப்ப இது என்ன கண்ணு?"

"வேற ஏதாச்சும் நோவா இருக்கும்மா. பனியில்ல."

மூக்கம்மா மகளைப் பார்த்தாள். கையிலிருந்த நூலைப் பார்த்தாள். படித்த பிள்ளை சொல்கிறது, தனக்கென்ன தெரியும் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டாள். அந்தத் தலையசைப்பைத்தான் வேலாமணியால் தாங்க முடியவில்லை.

"இசக்கி," என்றாள். "இன்னைக்குச் சாயங்காலம் ஒரு கொட்டாங்குச்சியில தண்ணி ஊத்திச் செவுத்துக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, கொஞ்சம் மேல ஒண்ணு வெச்சுப் பாக்கலாமா? நானும் வரேன். முன்னாடி நீ செஞ்சியே, அதே மாதிரி."

இசக்கி நிமிர்ந்து, தன்னை இத்துணை நன்றாய்ப் பயிற்றுவித்த ஆசிரியையை மெய்யான வியப்போடு நோக்கினாள்.

"எதுக்குங்க டீச்சர்? விடைதான் தெரியுமே."

ஓராண்டுக்கு முன் வேலாமணியின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட தாய் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும் ஆசிரியை அஞ்சினாள். இதுகாறும் தான் உமிழ்ந்த இகழ்ச்சியெல்லாம் ஏகநாதனாருக்கே உரியது என்று எண்ணி வாழ்ந்தவள், அதில் தனக்குரிய பங்கை அன்றுதான் எடுத்துக்கொண்டாள். அது பெரும்பங்காக இருந்தது. சிவப்பு மையால் தாளில் இட்ட கோட்டை அழித்துவிடலாம் என்று ஒருகாலத்தில் நம்பிய கை, கோட்டைப் பிள்ளையின் உள்ளேயே இழுத்துவிட்டிருந்தது.

கருகிய நிரைகளைப் பங்குனியில் கவாத்து வெட்டினார்கள். வைகாசி மழைக்கு அவை தளிர்த்தன. ஆடிக்குள் கொழுந்து எடுக்கலாம் போலாயின. மதில் அங்கேயே நின்றது. அடுத்த தையிலும் அந்நிரைகள் கருகின. இசக்கி ஆண்டுதோறும் முதலிடம் பெற்றாள், கல்லூரி முடித்தாள், அப்பள்ளிக்கே ஆசிரியையாக வந்து, மீத்திறன் வகுப்பில் அமர்ந்து, சொல் பிசகாமல் விடைத்தொகுப்பைக் கற்பித்தாள். ஓடைக்கரையில் ஒரு பழைய கொட்டாங்குச்சி நெடுநாள் கிடந்தது. தைத் திங்களின் விடியல்தோறும் அதற்குள் தேங்கிய நீர் கல்லாய் உறைந்து, கதிரவன் ஏறியதும் உருகிப்போகும். அதைக் குனிந்து பார்ப்பார் அவ்வழியில் ஒருவரும் இல்லை.